காம்பு உள்ளே இருக்கிறவர்களுக்கு

பூவுக்குக் காம்பு உண்டு, வெற்றிலைக்குக் காம்பு உண்டு, மாட்டு மடிக்கும் காம்பு உண்டு. இத்தனை இடத்தில் சாதாரணமாகப் புழங்குகிற சொல், பெண்ணின் உடம்பு என்று வந்ததும் வீட்டில் யார் வாயிலும் வராது. எனக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும்போது, இரண்டு பக்கமும் காம்பு வெளியே வராமல் தொப்புள் மாதிரி உள்ளே குழிந்திருப்பதைக் கவனித்தேன். மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. அதனால் இது குறையா, இயல்பா என்பதும் தெரியவில்லை. என் அம்மா பட்டுக்கோட்டைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் நர்சம்மா. மாதவிலக்கு, காப்பர்-டி, தையல் பிரிந்தது என்று எதையும் பெண்கள் அவரிடம் வந்து சொல்வார்கள். நான் மட்டும் சொல்லவில்லை.

கல்யாணமாகி 2012-ல் இங்கிலாந்து வந்தேன். 2016-ல்தான் முதல்முறையாக ஒரு டாக்டரிடம் இதைப் பற்றி வாய் திறந்தேன். குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்த சமயம். பால் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் வருகிற கூச்சம் இன்னொரு பக்கம். இரண்டுமே உண்மை. இரண்டில் எது பெரியது என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜிபி, அதாவது எங்கள் பகுதிக் குடும்ப டாக்டர், ஒரு பெண். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது சிறு வயதிலிருந்தே இப்படியா, இல்லை இப்போதுதான் ஆனதா?" அடுத்தது, "இரண்டு பக்கமுமா?" அந்த இரண்டு கேள்விகளின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. சிறு வயதிலிருந்தே, இரண்டு பக்கமும் என்றேன். பரிசோதித்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆபரேஷன் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் தயங்கி, கம்ப்யூட்டரில் எதையோ தேடி, ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தார். எங்கள் பகுதியில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவை இதற்கு வழக்கமாகப் பணம் தருவதில்லை என்று அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. ஒரு அட்டவணை. இடது கட்டத்தில் சிகிச்சையின் பெயர், வலது கட்டத்தில் நாலைந்து வரிகள். எனக்கு மேலே மார்பகச் சிறிதாக்கம், கீழே பச்சை குத்தியதை அழித்தல். உடம்பில் இருபது வருடமாக நான் ஒளித்து வைத்திருந்த ஒன்று, பச்சை குத்தியதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. அன்று இரவு அழுதேன்.

இப்போது அந்த விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க முடிகிறது. என்.எச்.எஸ். 1948 ஜூலை 5-ல் தொடங்கியது. வரிப்பணத்தில் நடப்பது, சிகிச்சை பெறும் இடத்தில் காசு கேட்காதது. அதற்காக எல்லா சிகிச்சையும் எல்லோருக்கும் என்று அர்த்தமில்லை. எதற்குப் பணம் தருவது என்பதை இங்கிலாந்தில் பெரும்பாலும் அந்தந்த வட்டார அமைப்புகள் முடிவு செய்கின்றன. நான் டாக்டரிடம் போன காலத்தில் அந்த அமைப்புகளுக்கு சி.சி.ஜி. என்று பெயர், 2013 ஏப்ரலில் வந்தவை. 2022 ஜூலையில் அவற்றைக் கலைத்துவிட்டு ஐ.சி.பி. என்ற பெயரில் 42 பெரிய அமைப்புகளை உருவாக்கினார்கள். பெயர்ப்பலகை மாறினாலும், இந்தக் காம்பு விஷயத்தில் அவர்கள் வைத்திருக்கும் வாசகங்கள் பெரும்பாலும் பழைய ஒரே ஊற்றிலிருந்து வந்தவைதான்.

அந்த ஊற்று, பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்காக 2000-களின் நடுவில் எழுதப்பட்ட ஒரு வழிகாட்டி. அதன் சாரம் இதுதான். காம்பு உள்வாங்குவது மார்பகப் புற்றுநோயால் ஆகியிருக்கலாம். முதலில் அது இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்து, அறுவை சிகிச்சை செயல்பாட்டுக் காரணத்துக்காக மட்டும்தான், பருவமடைந்த பெண்ணுக்கு மட்டும்தான். அதுவும் உறிஞ்சு கருவியைச் சரியாகப் பயன்படுத்திப் பார்த்தும் சரியாகாவிட்டால்தான். அந்தக் கருவி மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், மூன்று மாதம் வரை பயன்படுத்தினால் நல்ல பலன் இருக்கும் என்றும் சேர்த்திருந்தார்கள். சில பகுதிகள் இந்த நிபந்தனைகளை அப்படியே வைத்திருக்கின்றன. சில பகுதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இது அழகு சிகிச்சை, கிடையவே கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டன. ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிறவளுக்கு ஒரு பதில், அந்தக் கரையில் இருக்கிறவளுக்கு வேறு பதில். இங்கே இதை போஸ்ட்கோடு லாட்டரி என்பார்கள். 2019-லிருந்து தொண்டைச் சதை, மூலம், மார்பகச் சிறிதாக்கம் போன்ற 17 சிகிச்சைகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான அளவுகோல் கொண்டுவந்தார்கள். மார்பகச் சிறிதாக்கத்துக்கு ஒரு பக்கத்தில் எத்தனை கிராம் எடுக்க வேண்டியிருக்கும் என்பது வரைக்கும் அதில் வரையறை உண்டு. உள்வாங்கிய காம்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அது வட்டாரத்தின் கையிலேயே நின்றுவிட்டது.

மறுக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தனிநபர் நிதிக் கோரிக்கை. நாமே எழுத முடியாது, டாக்டர்தான் நமக்காக எழுத வேண்டும். அதை ஒரு குழு பார்க்கும். அந்தக் குழு கேட்கும் கேள்வி, இந்தப் பெண்ணுக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்பது அல்ல. இதே நிலை உள்ள மற்றப் பெண்களிடமிருந்து இவர் மருத்துவ ரீதியாகக் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டவரா, அவர்களைவிட இவருக்கு இந்த சிகிச்சையால் கூடுதல் பயன் உண்டா என்பதுதான். மன வேதனை, கல்யாண வாழ்க்கையில் வருகிற சங்கடம் இதெல்லாம் பெரும்பாலும் கணக்கில் வராது. என்னைப் போல நிறையப் பேர் இருந்தால், நான் விதிவிலக்கு இல்லை என்பதற்கு அதுவே காரணமாகிவிடும். ஜிபி இதை விளக்கிச் சொல்லி, அனுப்பினாலும் கிடைக்காது என்றார். அவர் பொய் நம்பிக்கை கொடுக்காததற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

நிறையப் பேர் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். 1999-ல் வெளியான ஒரு கொரிய ஆய்வில் 19 வயது முதல் 26 வயது வரையான 1,625 பெண்களைப் பார்த்ததில் 53 பேருக்குப் பிறவியிலேயே காம்பு உள்வாங்கி இருந்தது. நூற்றுக்கு மூன்று பேருக்குக் கொஞ்சம் மேல். அந்த 53 பேரில் 46 பேருக்கு இரண்டு பக்கமும். கல்லூரியில் என் வகுப்பில் அறுபது பெண்கள் இருந்தோம். அந்தக் கணக்குப்படி இன்னொருத்தியாவது இருந்திருப்பாள். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமலே மூன்று வருடம் ஒரே பெஞ்சில்கூட உட்கார்ந்திருக்கலாம்.

ஏன் உள்ளே இழுத்துக்கொள்கிறது? காம்புக்கு அடியில் இருக்கும் நார்த்திசு இறுகிக் கிடக்கிறது, பால் குழாய்கள் கட்டையாக இருக்கின்றன, காம்பைத் தாங்கி நிறுத்த வேண்டிய சதைப்பற்று குறைவாக இருக்கிறது. அதே 1999-ல் இரண்டு கொரிய மருத்துவர்கள் வகுத்த மூன்று தரங்களைத்தான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். விரலால் அழுத்தினால் வெளியே வந்து நிற்பது முதல் தரம். வெளியே வந்தாலும் விட்டதும் உள்ளே போய்விடுவது இரண்டாவது. இழுத்தாலும் வராதது மூன்றாவது. எனக்கு வலது இரண்டாம் தரம், இடது மூன்றை ஒட்டியது.

சரி, பணம் கொடுத்துத் தனியாரிடம் செய்துகொள்ளலாமா என்று விசாரித்தேன். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்டார்கள். பணத்தைவிட என்னை நிறுத்தியது அந்த சர்ஜன் நேர்மையாகச் சொன்ன ஒரு விஷயம். இறுகிய காம்பை வெளியே கொண்டுவந்து நிலைநிறுத்த வேண்டுமானால், இழுத்துப் பிடித்திருக்கும் நாரோடு சேர்த்துப் பால் குழாய்களையும் வெட்ட வேண்டி வரலாம். குழாய்களைக் காப்பாற்றும் முறைகளும் உண்டு, ஆனால் அதில் காம்பு திரும்ப உள்ளே போகும் வாய்ப்பு இருக்கிறது. "குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்பதற்காக வந்திருந்தால், இப்போது செய்துகொள்ளாதீர்கள்" என்றார்.

இதைக் கேட்ட பிறகு அந்த அட்டவணைத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். செயல்பாட்டுக் காரணத்துக்காக மட்டும் என்கிறது விதி. காம்பின் செயல்பாடு பால் கொடுப்பது. ஆனால் மோசமாக உள்வாங்கிய காம்புக்குச் செய்யும் ஆபரேஷனே அந்தச் செயல்பாட்டை நிரந்தரமாக முடித்துவிடக்கூடும். அப்படியானால் யாருக்காக இந்த நிபந்தனை? குழிக்குள் அழுக்குச் சேர்ந்து, புண்ணாகி, திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக என்று எடுத்துக்கொண்டால் பொருந்துகிறது. பால் கொடுக்க விரும்புகிற பெண்ணுக்கு அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பது எதுவும் பொருந்தவில்லை. ஆபரேஷன் இல்லை என்பது அவளுக்குச் சரியான பதில்தான். ஆனால் அது பாதிப் பதில்.

விதி சொன்ன கருவியையே வாங்கினேன். இங்கிலாந்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்ஜார்ஜ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் உருவாக்கி, 1994-ல் மருத்துவ இதழில் எழுதிய நிப்லெட். தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதில் ஒரு மெல்லிய குழாய், குழாயின் முனையில் ஒரு சிறு சிரிஞ்சு. கிண்ணத்தை வைத்துக் காற்றை இழுத்தால் காம்பு மெதுவாகக் கிண்ணத்துக்குள் ஏறும். உடுப்புக்குள் மாட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்தேன். முதல் வாரம் அரை மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை. அவசரப்பட்டு அதிகம் இழுத்து ஒரு நாள் தோல் கொப்பளித்தது. இரண்டு மாதத்தில் வலது காம்பு வெளியே வந்து சிறிது நேரம் நிற்கத் தொடங்கியது. இடது அசையவில்லை. கர்ப்பமானதும் எடுத்து வைத்துவிட்டேன்.

கர்ப்ப காலத்தில், பிரசவம் பார்க்கும் செவிலியரான மிட்வைஃபிடம் கேட்டேன், காம்பை இழுத்துப் பயிற்சி செய்யலாமா, கர்ப்பிணிகள் உள்ளாடைக்குள் வைக்கிற பிளாஸ்டிக் ஓடு வாங்கலாமா என்று. ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. இவர்களும் தட்டிக் கழிக்கிறார்கள் என்று நினைத்தேன். அது தவறு என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஹாஃப்மன் என்ற அமெரிக்க டாக்டர் 1953-ல் ஒரு பயிற்சியை எழுதினார். காம்பின் இருபுறமும் பெருவிரல்களை வைத்து வெளிப்பக்கமாக விலக்கி இழுப்பது. நாற்பது வருடமாக உலகம் முழுவதும் கர்ப்பிணிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு உண்மையில் பலன் இருக்கிறதா என்று யாரும் முறையாகச் சோதிக்கவில்லை. 1992-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சோதனை வந்தது. உள்வாங்கிய அல்லது வெளியே நீளாத காம்புள்ள, முதல் குழந்தைக்காகக் காத்திருந்த 96 பெண்கள். பாதிப் பேருக்கு ஓடு அணியச் சொன்னார்கள், பாதிப் பேருக்குச் சொல்லவில்லை. பயிற்சியையும் அதே போலப் பிரித்தார்கள். குழந்தை பிறந்து ஆறு வாரத்தில், ஓடு அணியச் சொல்லப்படாத 48 பேரில் 24 பேர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அணியச் சொல்லப்பட்ட 48 பேரில் 14 பேர்தான். பயிற்சியாலும் பலன் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து பிரிட்டனிலும் கனடாவிலும் 17 மையங்களில் 463 பெண்களைக் கொண்டு இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தபோதும் ஓட்டுக்கோ பயிற்சிக்கோ ஆதரவான முடிவு வரவில்லை.

இந்த எண்களை நான் மறக்கவே மாட்டேன். நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் ஓடு, பெண்களைப் பால் கொடுப்பதிலிருந்து விலக்கியிருக்கிறது. எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: உன் உடம்பில் குறை இருக்கிறது, அதைச் சரி செய்துகொண்டு வா என்று மாதக்கணக்கில் தினமும் நினைவூட்டினால், குழந்தை கைக்கு வரும்போது அவள் ஏற்கனவே பாதி தோற்றுப்போயிருப்பாள். மிட்வைஃப் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றது சோம்பலால் இல்லை. ஆனால் ஏன் வேண்டாம் என்று இரண்டு நிமிடம் சொல்லியிருக்கலாம். பிறந்த பிறகு என்ன செய்வோம் என்றும் சொல்லியிருக்கலாம்.

என் மகள் 2018-ல் பிறந்தாள், இரண்டு வாரம் முந்திக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை ராத்திரி. 3.2 கிலோ. மறுநாள் மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாய் வைக்கிறாள், பிடி கிடைக்கவில்லை, தலையை ஆட்டி ஆட்டித் தேடுகிறாள், கத்துகிறாள். தாய்ப்பால் ஆலோசகர் திங்கள் முதல் வெள்ளி வரைதான் இருப்பார் என்று வார்டில் சொல்லியிருந்தார்கள். சனி, ஞாயிறு தாண்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பால் கட்டியது. மார்பு கல்லாகி, கொஞ்சம் நீண்டிருந்த வலது காம்பும் தட்டையாகிக் காணாமல் போனது. திங்கட்கிழமை அவர் விடுப்பு. செவ்வாய்க்கிழமை குதிகாலில் ரத்தம் எடுக்க வந்த மிட்வைஃப் எடை போட்டார். 2.85. பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. திரும்ப ஆஸ்பத்திரி. பிழிந்த பாலும் புட்டிப் பாலுமாகக் கொடுத்து, காம்பின் மேல் மாட்டிக்கொண்டு பால் கொடுக்கிற இருபது மில்லிமீட்டர் சிலிக்கோன் காம்புறை ஒன்றைக் கையில் கொடுத்து மறுநாள் அனுப்பினார்கள். அந்த ஐந்து நாளில் நல்லவர்கள் ஆறேழு பேர் என்னைப் பார்த்தார்கள். யாருக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார நேரமில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

அம்மா வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார். குளிர்கோட்டைக் கழற்றுவதற்கு முன் குழந்தையைப் பார்த்தார், அடுத்து என்னைப் பார்த்தார். "காட்டு" என்றார். இருபது வருடமாகச் சொல்லாததை அந்த ஒரு சொல்லுக்குக் காட்டினேன்.

"இதுக்கா நீ ஆபரேஷன் வரைக்கும் போன? ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. "மாப்ள, ஒரு இருபது எம்எல் சிரிஞ்சு வாங்கிட்டு வாங்க. ஊசி வேண்டாம்" என்றார். கணவர் மருந்துக் கடையிலிருந்து இரண்டு வாங்கி வந்தார். அம்மா கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்து, சிரிஞ்சின் கூர்மூக்கு இருக்கும் பக்கத்தை நேராக அறுத்தார். பிஸ்டனை வெளியே எடுத்து, அறுத்த பக்கம் வழியாகத் திருப்பிச் செருகினார். இப்போது விரல் பிடிக்கிற விளிம்புள்ள வழவழப்பான பக்கம் மார்பில் படும். அறுத்த சொரசொரப்பு தோலில் படாது. "இதைத்தான் பாதிப் பேர் மாத்திப் பிடிச்சுப் புண்ணாக்கிக்குவாங்க" என்றபடி விளிம்பைக் காம்பைச் சுற்றி வைத்து, பிஸ்டனை என் கையில் கொடுத்தார். "நீயே இழு. வலிக்கிற வரைக்கும் இழுக்கக் கூடாது. வலிச்சா விட்டுடு." மெதுவாக இழுத்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் ஏறுவது போலக் காம்பு ஏறியது. முப்பது எண்ணச் சொன்னார். காற்றை விட்டு எடுத்ததும், இறுகிக் கிடந்த கருவட்டத்தைச் சுற்றி விரல் நுனிகளால் உள்நோக்கி அழுத்தி மென்மையாக்கினார். குழந்தையைக் குறுக்கே போடாமல், என்னைச் சாய்ந்து படுக்கச் சொல்லி என் மேல் குப்புறப் போட்டார். "பிள்ளை காம்பக் குடிக்காது. மாரைத்தான் குடிக்கும். வாய் நெறைய மாரைக் கொடு, காம்பு தானா வரும்."

வலது பக்கம் அன்றைக்கே பிடித்தாள். இடது பக்கத்துக்கு மூன்று வாரம் ஆனது. அதுவரை காம்புறையும் பம்புமாக ஓட்டினோம். நடு ராத்திரி இரண்டரை மணிக்கு மூன்று பேரும் விழித்திருப்போம். அம்மா என் முதுகுக்குப் பின்னால் தலையணையை அடுக்கிக்கொண்டே எதையாவது பேசிக்கொண்டிருப்பார்.

அந்த முறையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "ட்ரெய்னிங்ல சொன்னாங்க, பி.எச்.சி.ல எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கேன்" என்றார். பிறகு தேடிப் பார்த்தேன். 1993-ல் அதைப் பாலூட்டல் பற்றிய ஒரு சர்வதேச இதழில் எழுதியவர்கள் நமக்குப் பக்கத்து மாநிலத்துக்காரர்கள், கர்நாடகத்தின் தாவணகெரேயைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள். இங்கிலாந்துக் கருவி பற்றிய கட்டுரை வந்தது 1994-ல். தத்துவம் ஒன்றேதான், காற்றை உறிஞ்சிக் காம்பை வெளியே கொண்டுவருவது. ஒன்று பெட்டியில் வரும் பொருள், இன்னொன்று ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில் கிடக்கும் சிரிஞ்சு. அடுத்த வாரம் ஒருவழியாக வந்த தாய்ப்பால் ஆலோசகரிடம் அதைக் காட்டினேன். இங்கும் சில வார்டுகளில் இப்படிச் செய்வோம் என்றார். அம்மாவும் அவரும் பொதுமொழி இல்லாமலே, கையை வைத்தும் பொம்மையை வைத்தும் அரை மணி நேரம் பேசிக்கொண்டார்கள். அவர் என்னோடு ஐம்பது நிமிடம் இருந்தார். அந்த ஐம்பது நிமிடம் முதல் சனிக்கிழமை கிடைத்திருந்தால் ஒரு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை மிச்சமாகியிருக்கும்.

பிரிட்டனில் 2010-ல் நடந்த பெரிய குழந்தை உணவுக் கணக்கெடுப்பில், நூற்றுக்கு 81 தாய்மார்கள் பால் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆறு வாரத்தில் அது 55 ஆகியிருந்தது. நடுவில் விட்டவர்கள் எல்லோருக்கும் காம்பு உள்ளே இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் வாரத்தில் பிடி கிடைக்காமல் தவித்த ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார், அறுபதை நெருங்குகிறவர். என் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். 2022-ல் ஒரு நாள் புட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, "உனக்கிருக்கிற மாதிரித்தான் எனக்கும் இப்ப ஒரு பக்கம் உள்ளுக்குப் போயிட்டுது பிள்ளை. ஒண்டும் செய்யத் தேவையில்லைத்தானே?" என்றார்.

"எப்ப இருந்து அக்கா?"

"தைப்பொங்கலுக்குப் பிறகுதான்."

ஆறு வருடத்துக்கு முன் ஜிபி என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளும் அந்த வாசலில் எனக்குப் புரிந்தன. பிறவியிலிருந்து இருபுறமும் இருப்பது வேறு. ஐம்பது வயதுக்கு மேல், ஒரு பக்கம் மட்டும், புதிதாக உள்ளே போவது வேறு. டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் நைஸ் என்ற அமைப்பு 2015-ல் வெளியிட்ட புற்றுநோய் வழிகாட்டியில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒரு காம்பில் மட்டும் உள்வாங்குதல், கசிவு, வேறு மாற்றம் தெரிந்தால் உடனடிப் பரிந்துரை செய்யச் சொல்லியிருக்கிறது. அன்றைய விதிப்படி இரண்டு வாரத்துக்குள் சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து, புற்றுநோய் உண்டா இல்லையா என்று 28 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று கணக்கை மாற்றியிருக்கிறார்கள். அக்காவை அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு ஜிபிக்குப் போன் செய்ய வைத்தேன். பத்து நாளில் மார்பக கிளினிக்கில் ஒரே நாளில் மேமோகிராம், ஸ்கேன், ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை. புற்றுநோய் இல்லை, வயதில் பால் குழாய் விரிந்து தடித்ததால் வந்தது என்றார்கள். இப்படி அனுப்பப்படுகிற பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனாலும் அக்கா என் வீட்டுக் கதையைக் கேட்டதால்தான் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று நினைத்தார் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால்தான் இதை எழுதும்போதெல்லாம் அந்தக் கேள்வியை முதலில் எழுதுகிறேன். எப்போதிருந்து? ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? புதிதாக ஆனது என்றால் வயது எதுவானாலும் டாக்டரிடம் போங்கள்.

பணம் இல்லை என்ற வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. 2023-ல் இங்கிலாந்தில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் எழுபது லட்சத்தைத் தாண்டி நின்றது. இடுப்பு மூட்டு தேய்ந்து நடக்க முடியாதவரை ஓரம் தள்ளிவிட்டு என் காம்பை நிமிர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது. என்னை மறுத்தது சரி என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் வேதனையைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பதை ஏற்கவில்லை. திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறவளுக்கும் ஒரே வரியில் கிடையாது என்று சொல்லும் பகுதிகளையும் ஏற்கவில்லை.

2023-ல் எங்கள் பகுதி ஐ.சி.பி. பழைய சி.சி.ஜி. விதிகளையெல்லாம் ஒன்றாக்குவதாகச் சொல்லிப் பொதுமக்கள் கருத்துக் கேட்டது. ஆன்லைன் படிவத்தின் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அம்மா அப்போது இங்கே வந்திருந்தார். பக்கத்தில் உட்கார வைத்து, நான் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். மறுப்பு வாசகத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருந்தேன். ஒன்று, இந்தப் பெண் குழந்தை பெற விரும்பினால், ஆபரேஷன் மறுக்கப்படும் அன்றே தாய்ப்பால் ஆலோசகரிடம் அவள் பெயரைப் பதிய வேண்டும். பிரசவமான மறுநாள், அது சனி ஞாயிறாக இருந்தாலும், யாராவது ஒருவர் அவளோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். இரண்டு, காம்பு திடீரென்று உள்ளே போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை, மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அம்மா கேட்டுவிட்டு, "சிரிஞ்சப் பத்தியும் எழுது. எந்தப் பக்கத்தை அறுக்கணும்னு எழுது" என்றார். எழுதினேன். பெட்டியில் எழுத்து எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. வேறு ஒரு வரியை எடுத்துவிட்டு அதைச் சேர்த்தேன்.